ஒன்று புள்ளி எட்டு

"நான் சொல்றத ஒரு நிமிசம் கேட்டீங்கன்னா..."

"நீ சொல்றத கேட்டுக் கேட்டுத்தான்டா இந்த கதிக்கு வந்துக்கிறேன்!"

"ஸ்டிக்கர நான் கிழிக்கல சார், நான் வந்து..."

"கிழிக்கலியா? அப்ப தானா பொளந்துக்கிச்சா? பிளேடு வெச்சி என் கையெழுத்த ரெண்டா வெட்டிக்கிறான், கிழிக்கலியாம்!"

"வெட்டல சார். நான் எடுத்துத் திருப்பி ஒட்டுனேன்."

ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுந்துகொண்டிருந்த இரண்டு குரல்களில் ஒன்று சட்டென்று நின்றது. நின்றது முதலாளி ராஜப்பனின் குரல்.

"என்னா சொன்ன?"

பூபதி உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"எடுத்து ஒட்டினியா? அப்ப பொட்டிய தொறந்தது நீதான்."

"தொறந்தேன்."

"சுகுணா! ஏ சுகுணா! இங்க வா. வந்து உன் காதால கேளு. ஒத்துக்கினான்."

ஓசூர் தொழிற்பேட்டையின் உள்தெரு ஒன்றில் தகரக் கூரை போட்டிருந்த அந்த டூல் ரூம் ராஜப்பனுடையது. பிளாஸ்டிக் சாமான் வார்க்கிற அச்சுகளை இரும்பில் குடைந்து கொடுப்பது தொழில். குடைவது மெஷின். எங்கே எவ்வளவு குடைய வேண்டும் என்று மெஷினுக்குச் சொல்வது கண்ணாடி அறையில் இருக்கும் கம்ப்யூட்டர். கம்ப்யூட்டருக்குச் சொல்வது பூபதி, அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரன்.

டிசைன் எல்லாம் அந்த ஒரே பெட்டிக்குள் இருந்தது. அதனால் ராஜப்பன் அதற்கு இன்டர்நெட் கொடுக்கவில்லை. சீடி போடும் டிரைவைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார். பென் டிரைவ் செருகும் ஓட்டைகளையெல்லாம் எம்-சீல் பிசைந்து அடைத்தார். பக்கத் தகடு மூடும் விளிம்பில் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, அதன்மேல் கையெழுத்தும் போட்டார். "இனிமே காத்து கூட உள்ள போவாது" என்றார் அன்றைக்கு. காற்று போகாவிட்டால் பெட்டி சூடாகிவிடும் என்று பூபதி சொன்னதை அவர் ரசிக்கவில்லை.

இன்று காலை குக்கர் கம்பெனிக்காரர் ஒரு கைப்பிடியை மேஜையில் வைத்து, "அத்திப்பள்ளியில ஒருத்தன் இதையே செஞ்சி காட்டறான், என்ன விஷயம்?" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார். ராஜப்பன் கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரல் படியும் இடத்தில் ஒரு சின்னப் பள்ளம். பூபதி வரையும்போது தவறிப்போய் விழுந்த பள்ளம் அது. பிடிக்க வசதியாக இருக்கிறதே என்று பிறகு அப்படியே விட்டிருந்தார்கள். கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம், அத்திப்பள்ளியில் இருப்பவனுக்கும் அதே இடத்தில் அதே தவறு எப்படி விழும்? நேராகப் போய்ப் பெட்டியின் ஸ்டிக்கரைப் பார்த்தார். வெட்டியிருந்தது.

பட்டறை வாசலில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்த சுகுணா உள்ளே வந்தாள். பட்டறைச் சாவி இடுப்பில் தொங்கியது. கணவர் கையைத் தவிர அந்தச் சாவி போகும் ஒரே இடம் அவள் இடுப்புதான்.

"என்னாங்க இப்டி கத்தறீங்க? ரோட்டு வரைக்கும் கேக்குது."

"கேக்கட்டும். டிசைன தூக்கி அத்திப்பள்ளிக்காரனுக்கு குடுத்துக்கிறான். ஓட்டையெல்லாம் அடச்சாச்சி, நெட்டு கெடயாது. அப்ப ஹார்டு டிஸ்க்க கழட்டித்தான் எடுத்திருக்கணும். கழட்டணும்னா தொறக்கணும். தொறந்தேன்னு இவனே சொல்றான். இன்னும் என்னா வேணும்?"

"தொறந்தேன். டிஸ்க்கத் தொடல" என்றான் பூபதி.

"பின்ன எதுக்குத் தொறந்த? உள்ள கோழி முட்ட வெச்சிருக்குதான்னு பாக்கவா?"

"வேகத்துக்கு சார். ஒரு மோல்டுக்கு ப்ரோக்ராம் கணக்குப் போடச் சொன்னா, டீ குடிச்சிட்டு வந்தாலும் பாதிதான் போட்டிருக்கும். புதுசு வாங்கித் தாங்கன்னு கேட்டேன்."

"வாங்கித் தரல. அதுக்கு?"

"இருக்கதையே வேகமா ஓட்டலாம்னு படிச்சேன். நம்ம ப்ராசசர் ஓடுறது ஒண்ணு புள்ளி எட்டு கிகாஹெர்ட்ஸ் வேகத்துல. அதே சில்லு ரெண்டு புள்ளி நாலுலயும் ஓடும். அத மாட்டியிருக்க மதர்போர்டு நல்ல போர்டா இருந்தா, ஆன் பண்ணுனதும் வர்ற நீலத் திரையில போயி நம்பர மாத்துனாப் போதும். நம்மகிட்ட இருக்கது இருக்கதுலயே கொறஞ்ச போர்டு. அதுல தேதிய மாத்தலாம், மணிய மாத்தலாம். வேகத்துக்கு வழியே வைக்கல."

"கொறஞ்ச போர்டுன்னு இப்ப என்ன குத்திக் காட்றியா?"

"இல்ல சார். அதனால வேற வழி பண்ணேன். ப்ராசசருக்கு அடியில தங்கப் புள்ளியா வரிசையா இருக்கும். அதுல ரெண்டு புள்ளிய ஒரு பொட்டு வெள்ளிப் பெயிண்ட் வச்சு ஒண்ணாச் சேத்தேன். அத மாட்டுனதும் போர்டு இது வேற, வேகமான சில்லுன்னு நம்பிரும். தானே கூட்டிக் குடுத்துரும். போர்ட ஏமாத்துறதுதான்."

ராஜப்பன் மனைவியைப் பார்த்தார். "கேட்டியா? அவன் வாயில எப்டி வருது பாரு. பொட்டியவே ஏமாத்தத் தெரிஞ்சவனுக்கு மொதலாளி எம்மாத்திரம்?"

"சார், நீங்க பழைய லேத்துல ஓட்டுனத நீங்களே சொல்வீங்கள்ல? ஸ்பீடு பத்தலன்னா பெல்ட்ட சின்ன சக்கரத்துக்கு மாத்திப் போடுவேன்னு. மோட்டார் அதே மோட்டார்தான. இதுவும் அப்படித்தான்."

"நா மாத்தினா மொதலாளி கண்ணு முன்னாடி மாத்தினேன். ஸ்டிக்கர எடுத்து ஒட்டிக்கினு மாத்தல."

"சொன்னா விட்ருக்க மாட்டீங்க" என்றான் பூபதி மெதுவாக.

"விட்ருக்க மாட்டேன்தான். ஸ்டிக்கர எப்டி எடுத்த?"

"ஹேர் டிரையர் காட்டுனா பசை எளகிரும். முழுசா உரிச்சு எடுத்து, வேலை முடிஞ்சதும் ஒட்டுனேன். பிளேடு வைக்கவே இல்ல. இத வெட்டுனது வேற ஆளு சார்."

"ஓ! ரெண்டு திருடனா? ஒருத்தன் உரிப்பான், ஒருத்தன் வெட்டுவான். நல்லா இருக்குது. வெள்ளிப் பெயிண்டு எவன் குடுத்தான்?"

"போர்டு பண்ற கம்பெனியில இருக்க ஒரு ஃப்ரெண்டு."

"அவனும் கூட்டு. சுகுணா, உன் தம்பி சக்தி அப்பவே சொன்னானா இல்லியா? தூரத்து ஊருக்காரன் கையில டிசைன் பூரா குடுத்து வெச்சிக்கிறியே மாமான்னு. அத்திப்பள்ளியில நாலு கம்பெனியில கம்ப்யூட்டர் வேல பாத்து மாறினவன் உன் தம்பி. சக்தி பேச்ச கேட்டிருக்கணும் நானு."

சுகுணா மேஜைமேல் கிடந்த கைப்பிடியை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள்.

"வேகமாயிடுச்சின்னு சொல்றியே, காமி" என்றார் ராஜப்பன். "என் கண்ணுக்குக் காமி."

பூபதிக்கு உயிர் வந்தது. பாய்ந்து போய் மவுஸைப் பிடித்தான். "ரெண்டு வரி வரும் சார். மேல வர்றது கம்பெனி அச்சடிச்ச நம்பர், ஒண்ணு புள்ளி எட்டு. கீழ வர்றதுதான் இப்ப நெசமா ஓடுற வேகம். அது ரெண்டு புள்ளி நாலுன்னு இருக்கும், பாருங்க."

திரையில் இரண்டு வரிகள் வந்தன. மேலே ஒன்று புள்ளி எட்டு. கீழேயும் ஒன்று புள்ளி எட்டு.

பூபதி மூடிவிட்டு மறுபடி திறந்தான். மறுபடியும் அதேதான்.

"என்னாப்பா, போர்டு உன்ன ஏமாத்திடுச்சா?" ராஜப்பன் செல்போனை எடுத்தார். "எஸ்டேட்டுல இருக்கற டூல் ரூம் ஒண்ணு விடாம சொல்லப் போறேன். இங்கருந்து பெங்களூரு வரைக்கும் எவன் உன்ன உள்ள விடறான்னு பாக்கறேன். திருட்டுப் பயல்னு தெரிஞ்சப்பறம் எவன் டிசைன குடுப்பான்?"

அதுதான் நடக்கும் என்று பூபதிக்குத் தெரியும். இந்தத் தெருக்களில் ஒரு டூல் ரூமில் மூடிய கதவை இன்னொரு டூல் ரூம் திறப்பதில்லை. ஆவணியில் கல்யாணம் முடித்து, ராஜலட்சுமியை மூக்கண்டப்பள்ளி வாடகை வீட்டில் கொண்டுவந்து வைத்திருந்தான். திருடன் என்ற பேர் ஊர் போய்ச் சேர்ந்தால் அவளுடைய அப்பாவும் அதையே நம்புவார்.

"சார், ஒரு நிமிசம். ஆயுத பூசைக்கு ஊருக்குப் போயிட்டு வந்ததுலருந்து மெஷின் மறுபடி ஆமையா இருந்துச்சு. சூட்டுல பெயிண்ட் விட்ருச்சோன்னு நெனச்சேன். பயந்துக்கிட்டு திருப்பித் தொறக்கல. நீங்களே கேட்டீங்களே சார், ஊரு சோத்தத் தின்னு சோம்பேறி ஆயிட்டியான்னு. பூசைக்கு முந்தி கேட்டீங்களா?"

ராஜப்பனின் விரல் பட்டனுக்கு மேலேயே நின்றது. கேட்டது நிஜம். பூஜைக்கு முன்னால் ஒரு மாசம் வேலை முந்திக்கொண்டு முடிந்ததும், அதற்குத் தானே போனஸைச் சீக்கிரம் கொடுத்ததும் நினைவுக்கு வந்தன.

"அதுக்கு?"

"தொறந்து பாத்துருவோம். அடியில பொட்டு இருந்த தடமாவது இருக்கும்."

"நீ தொட்டின்னா இருக்கறத அழிச்சிடுவ."

"நான் தொடல. நீங்களே கழட்டுங்க. நான் கையக் கட்டிக்கிட்டு நிக்கிறேன்."

"இப்ப எதுக்குங்க?" என்றாள் சுகுணா. "ராவுகாலம் நடக்குது. கரண்டு வேற போற நேரம்."

"திருடன புடிக்க ராவுகாலம் பாக்கணுமா?"

"புடிச்சி என்னா ஆவப் போவுது? புதுசா கல்யாணம் ஆனவன். போனெல்லாம் போடாதீங்க, பாவம். சத்தமில்லாம அனுப்பிட்டு வேலைய பாப்போம்."

பூபதி அவளை நன்றியோடு பார்த்தான். "அனுப்புறதுன்னா அனுப்புங்கக்கா. ஆனா திருடன்னு அனுப்பாதீங்க. தொறந்து பாத்துட்டு அனுப்புங்க."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. வெளியே மெஷின்கள் ஒவ்வொன்றாக முனகி நின்றன. யூபிஎஸ் மட்டும் கீக் கீக் என்று கத்தியது. வேலை நின்ற ஆட்கள் யாரும் டீக்கடைக்குப் போகவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸ்பேனரைத் துடைக்கிற மாதிரி நின்றார்கள்.

ராஜப்பன் யூபிஎஸ்ஸை அணைத்தார். திருப்புளியை எடுத்துக்கொண்டு, பெட்டியை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்தார். அதன் முகப்பில் பூஜையன்று வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தன. பெருக்கித் துடைக்கும் கெம்பம்மா டீ கிளாஸ்களோடு உள்ளே வந்தாள்.

"ஏம்மா, பூச அன்னிக்கு இங்க யார் யாரு இருந்தீங்க?" என்று ராஜப்பன் அவளைக் கேட்டார்.

"நனகெ கொத்தில்ல சார், எனக்குத் தெரியாது. நான் கோலம் போட்டுட்டு மத்தியானமே போய்ட்டேன். அக்காதான் கடசி வரைக்கும் இருந்து எல்லாத்துக்கும் பொட்டு வெச்சாங்க. மெசினு, மோட்ரு, பியூசு பொட்டி, டீ பிளாஸ்கு, எதயும் உடல. என் தொடப்பத்துக்கு கூட வெச்சாங்க சார்! எனக்குத்தான் குங்குமம் காலி ஆயிடுச்சி."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். சுகுணா சிரிக்கவில்லை. "கிளாஸ வெச்சிட்டுப் போ கெம்பம்மா" என்றாள்.

அந்த டூல் ரூமில் பூஜைக்கு முந்தின நாள் அவரவர் மெஷினை அவரவர் கழற்றி, மண்ணெண்ணெயில் துடைத்துப் பூட்டிவிட்டுப் போக வேண்டும் என்பது வழக்கம். பூபதி கம்ப்யூட்டரை வெளியே மட்டும் துடைத்துவிட்டு, சாயங்காலமே மதுரை பஸ் பிடித்திருந்தான். பூஜையன்று ராஜப்பன் தேங்காய் உடைத்துவிட்டு வேப்பனப்பள்ளியில் தோட்டத்து மோட்டாருக்குப் பூஜை போடப் போயிருந்தார். இங்கே மீதியைச் சுகுணா பார்த்துக்கொண்டாள்.

பக்கத் தகடு கழன்று வந்தது. கையைக் கட்டிக்கொண்டே பூபதி குனிந்து பார்த்தான்.

"சார், என்ன இவ்வளவு சுத்தமா இருக்கு?"

"சுத்தமா இருந்தா என்னா?"

"உங்க மேஜையத் தடவிப் பாருங்க. காலையில தொடச்சது சாயங்காலம் இரும்புத் தூளா இருக்கும். இது உள்ள ஃபேன் இழுத்து இழுத்து அட்டையா படிஞ்சிருக்கணும். பளபளன்னு இருக்கே!"

"ப்ராசசர காமி. பேச்ச மாத்தாத."

பூபதி சொல்லச் சொல்ல ராஜப்பன் மேலே இருந்த ஃபேனைக் கழற்றினார். அடியில், சூட்டைக் கடத்த வைக்கிற பசை வெள்ளையாகப் பூசியிருந்தது.

"நான் வச்சது சாம்பக் கலர் பசை" என்றான் பூபதி.

"நீ சொல்றதுதான் சாட்சியா?"

"இல்ல சார். சொல்லி வைக்கிறேன்."

கொக்கியை நீக்கி, ப்ராசசரை ஓரத்தில் பிடித்துத் தூக்கித் திருப்பினார். தங்கப் புள்ளிகள் வரிசை வரிசையாக மின்னின. வெள்ளிப் பொட்டு எதுவும் இல்லை.

"எங்கப்பா உன் பொட்டு?"

"கண்ணாடி வச்சுப் பாருங்க சார். ஓரத்துலருந்து உள்ள வாங்க. ரெண்டு புள்ளிக்கு நடுவுல."

டூல் முனை மழுங்கியிருக்கிறதா என்று பார்க்கிற பூதக்கண்ணாடி எப்போதும் ராஜப்பனின் சட்டைப் பையில் இருக்கும். அதைக் கண்ணில் வைத்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். முதலில் பொய்யைத் தேடுகிற வேகம் இருந்தது. பிறகு கை மெதுவானது. இரும்பில் முடியளவு கீறலைக் கண்டுபிடித்துப் பழகிய கண் அது. பார்த்ததை இல்லை என்று சொல்ல அதற்கு வரவில்லை.

"சாம்பலா ஒரு கோடு இருக்குது" என்றார். "ஸ்பிரிட் போட்டு தொடச்சிக்கிறாங்க. இந்தப் பக்கம் இழுத்த தடம் இருக்குது."

பூபதி சுவரில் சாய்ந்துகொண்டான்.

"ஆனா ஒண்ணு புரியல" என்றார் ராஜப்பன். அவர் குரலில் இப்போது கத்தல் இல்லை. சந்தேகம் மட்டும் இடம் மாறித் திரிந்தது. "திருட வந்தவன் டிஸ்க்க எடுத்தமா போனமான்னு இருப்பான். பொட்டி பூரா தூசி தட்டி, ப்ராசசர் வரைக்கும் கழட்டி, ஸ்பிரிட் போட்டு தொடச்சி, புது பசை வெச்சி மூடுவானா?"

"திருட வந்தவனா வந்தா மாட்டான் சார். சுத்தம் பண்றேன்னு சொல்லிட்டு வந்திருந்தா..." பூபதி நிறுத்தினான். "பக்கத்துல யாராச்சும் நின்னு பாத்துக்கிட்டு இருந்தா, சுத்தம் பண்ணித்தான ஆகணும்."

"டீ ஆறிப் போவுது" என்றாள் சுகுணா.

யாரும் டீயைத் தொடவில்லை.

"டிஸ்க்கையும் பாத்துருங்க சார்" என்றான் பூபதி. "நாலு திருகு இருக்கணும்."

மூன்றுதான் இருந்தன. ராஜப்பன் மூன்றையும் கழற்றி மேஜையில் வரிசையாக வைத்தார். சுகுணா ஓரடி முன்னால் வந்தாள்.

"அத உருவாதீங்க. கெட்டுப் போயிடும்னு சொல்வாங்க."

"யாரு சொல்வாங்க?"

"பொதுவா சொன்னேன்."

ஹார்டு டிஸ்க் இறுக்கமான கூட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. கூட்டுக்குள் இருக்கும்வரை அதன் மேல்முகம் யாருக்கும் தெரியாது. தகட்டுக்கும் அதற்கும் நடுவில் விரல் நுழைய இடம் கிடையாது. ராஜப்பன் அதை உள்ளங்கையில் வைத்து ஜன்னல் பக்கம் திருப்பினார்.

கம்பெனி பெயர் போட்ட லேபிளுக்கு நட்ட நடுவில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அதன்மேல் குங்குமம்.

சுகுணாவின் மோதிர விரல் சின்ன வயதில் கதவிடுக்கில் மாட்டிக் கொஞ்சம் வளைந்துபோனது. அவள் வைக்கிற குங்குமம் சந்தனத்துக்கு நடுவில் உட்காராது. இடப்பக்கம் ஒதுங்கியே விழும். வீட்டு நிலைப்படியில், வண்டி முகப்பில், வெளியே நிற்கிற ஒவ்வொரு மெஷினின் நெற்றியில், அதோ அந்தப் பெட்டியின் முகப்பில், எல்லாவற்றிலும் அப்படித்தான் விழுந்திருந்தது. இதிலும் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது.

பூபதி அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு, பார்க்காதவனைப் போலத் தரையைப் பார்த்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றவர்களை ராஜப்பன் ஒரு பார்வை பார்த்தார். அவர்கள் நகர்ந்தார்கள். மேஜைமேல் கிடந்த செல்போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"பூபதி, நீ போய் டீ குடி."

"சார்..."

"போப்பா. சாப்டுட்டு வந்து சீட்டுல உக்காரு. வேல கெடக்குது."

பூபதி வெளியே போய், கதவைச் சத்தம் வராமல் சாத்தினான்.

சுகுணா இடுப்புச் சாவியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ராஜப்பன் எழுந்து வந்து, உள்ளங்கையில் இருந்த டிஸ்க்கை அவள் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"பொட்டு வெக்கச் சொல்லி இத உன் முன்னாடி இந்த மாதிரி நீட்டினது யாரு, சுகுணா?"